சாவகத்துக் கோழிச் சாறும் நம் அஞ்சறைப் பெட்டியும்

இந்தோனேசியாவில், குறிப்பாக சாவகத் தீவில், தெருவுக்குத் தெரு விற்கப்படும் உணவு ஒன்று உண்டு. கோழியை வாசனைச் சரக்குகளோடு நீர் விட்டுக் கொதிக்க வைத்து, மஞ்சள் நிறத்தில் தெளிவாக இறக்கி, சோற்றின் மேலோ சேமியா போன்ற இழையின் மேலோ ஊற்றித் தருவார்கள். இதற்குச் 'சோத்தோ ஆயாம்' என்று பெயர். ஆயாம் என்றால் அவர்கள் மொழியில் கோழி. மும்பை வாழ் தமிழர் பலர் வேலை நிமித்தமாகவும் சுற்றுலாவாகவும் அங்கே போய் வருகிறார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, 'அது நம்ம ரசம்தான் சார், கோழி போட்ட ரசம்' என்பது. இன்னும் ஒரு படி மேலே போய், 'சோத்தோ என்பது நம் சோறு என்ற சொல்லின் திரிபு, எல்லாம் சோழர் காலத்தில் இங்கிருந்து போனது' என்று மேடையிலேயே பேசக் கேட்டிருக்கிறேன்.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை வேறு மாதிரி. அந்த உண்மை இந்தப் பெருமைப் பேச்சைவிடச் சுவையானது என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடியேன் சமணன். கோழியைத் தொட்டதும் இல்லை, சுவைத்ததும் இல்லை. பிறகு கோழிச் சாறு பற்றி உனக்கென்ன பேச்சு என்று அன்பர்கள் கேட்கலாம். நாற்பது வருஷமாக மளிகை, மசாலாச் சரக்கு வியாபாரம் செய்கிறவன் நான். அந்தப் பானையில் கோழி ஒன்று நீங்கலாக மற்ற எல்லாம் என் கடைச் சரக்கு, அல்லது அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

சாவகமும் சாவகரும்

ஜாவாவைப் பழந்தமிழர் 'சாவகம்' என்றார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், சாவக நாட்டில் மழையின்றிப் பசி வாட்டுகிறது என்று கேள்விப்பட்டு அமுதசுரபியோடு அங்கே புறப்படுகிறான். இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு உயிர் நீத்து, மறுபிறப்பில் சாவகத்திலேயே பிறந்து அரசாள்கிறான். உணவைச் சுமந்துகொண்டு தமிழகத்திலிருந்து சாவகத்துக்குப் போக நினைத்த முதல் இலக்கிய மாந்தன் அவன்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதே ஒலியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. சமண இல்லறத்தாருக்குச் 'சாவகர்' என்று பெயர். சிராவகர் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. இரண்டுக்கும் ஒலி ஒன்று, வேர் வேறு. ஒலி ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு ஜாவாக்காரர் எல்லாம் சமணர் என்று நான் எழுதினால் சிரிப்பீர்கள் அல்லவா? 'சோத்தோ'வும் 'சோறு'ம் அப்படித்தான்.

சோத்தோ என்ற சொல் சீனத்து வழி வந்தது என்று பிரெஞ்சு வரலாற்றாளர் தெனிஸ் லொம்பார் எழுதியிருக்கிறார். ஜாவாவின் வடகரைத் துறைமுகமான செமாராங்கில் குடியேறிய சீனர் விற்ற சாற்று உணவு, ஊர் மக்கள் கைக்கு மாறி, அவர்கள் சரக்கையும் ஏற்றுக்கொண்டு இன்றைய சோத்தோ ஆனது என்பது அவர் போன்றோர் கருத்து. கிண்ணத்தில் போடும் கண்ணாடிச் சேமியாவுக்கும், பயற்று முளைக்கும் அங்கே இன்றும் சீனப் பெயர்களே வழங்குவதைப் பார்த்தால் இது பொருத்தமாகவே படுகிறது.

சோத்தோவில் ஊருக்கு ஊர் வகை உண்டு. கிழக்கு ஜாவாவில் லமொங்கான் ஊர்ச் சோத்தோவில் இறால் அப்பளத்தையும் வறுத்த பூண்டையும் பொடித்து மேலே தூவுவார்கள். சுமத்ராவின் மேதான் நகரில் தேங்காய்ப்பால் சேரும். போர்னியோத் தீவின் பஞ்சார்மாசின் ஊரில் மஞ்சளைத் தவிர்த்து, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஏலம், சாதிக்காய் போட்டு வாசனையை முன்னால் நிறுத்துவார்கள். அதைச் 'சோத்தோ பஞ்சார்' என்கிறார்கள்.

என்னை ஈர்த்தது குதுஸ் ஊர்ச் சோத்தோ. நடு ஜாவாவில் உள்ள இந்த ஊரில் 16-ஆம் நூற்றாண்டில் சுனான் குதுஸ் என்ற இஸ்லாமியப் பெரியார் வாழ்ந்தார். ஊரில் இருந்த இந்துக்களின் மனம் நோகக் கூடாது என்று பசுவை அறுக்க வேண்டாம் என அவர் சொன்னதாக மரபு கூறுகிறது. இன்றும் குதுஸ் சோத்தோவில் கோழியோ எருமையோதான், மாடு கிடையாது. அங்குள்ள பள்ளிவாசலின் செங்கல் கோபுரம் பழைய இந்துக் கோயில் அமைப்பில் நிற்கிறது. ஹிஜ்ரி 956, அதாவது 1549 என்ற ஆண்டு அங்குள்ள கல்லில் இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் மனசை நினைத்து அடுப்பில் ஒன்றை விலக்குவது பெரிய தர்மம். தாராவியில் ஒரே சந்துக்குள் பத்து விதமான அடுக்களைகளோடு வாழும் நம்மவர்க்கு இது சொல்லாமலே விளங்கும்.

செய்முறை

சாப்பிடாதவன் செய்முறை சொல்லலாமா? கேட்டதைச் சொல்லலாம். என்னிடம் சரக்கு வாங்க வரும் தாராவி அன்பர் ஒருவர் இருக்கிறார். காயல்பட்டினத்துக்காரர், பல வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். இந்தோனேசிய மாலுமிகளுக்கு அவர்கள் ருசியிலேயே ஆக்கிப் போட்டவர். அவர் வாயால் கேட்டு, பலமுறை குறுக்குக் கேள்வி போட்டு எழுதிக்கொண்டது இது. நான்கைந்து பேருக்குப் போதும்.

ஒரு கிலோ கோழியை இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் போடக் கூடாது. சூடு மெதுவாக ஏறினால்தான் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அவ்வப்போது கரண்டியால் எடுத்துவிட வேண்டும். பிறகு தணலைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வரும் பதத்தில் வைக்க வேண்டும். 'தளதளன்னு கொதிக்க விட்டா சாறு கலங்கிப் போயிடும் அண்ணாச்சி' என்றார். பிராய்லர் கோழிக்கு 40, 45 நிமிஷம். நாட்டுக் கோழிக்கு ஒரு மணிக்கு மேல்.

இதற்குள் அம்மியிலோ மிக்ஸியிலோ மசாலா அரைக்க வேண்டும். சின்ன வெங்காயம் 8, பூண்டு 5 பல், ஒரு அங்குல இஞ்சி, ஒரு அங்குலப் பச்சை மஞ்சள், வறுத்த தனியா ஒரு மேசைக்கரண்டி, மிளகு அரை டீஸ்பூன், சீரகம் கால் டீஸ்பூன், 'கெமிரி' என்ற கொட்டை மூன்று. இந்த விழுதை மூன்று கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்க வேண்டும். நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு தண்டு, பேரரத்தை இரண்டு துண்டு, ஒருவகைக் கொழுமிச்சை இலை நான்கு, 'சாலாம்' இலை இரண்டு ஆகியவற்றையும் அதிலேயே போட வேண்டும். பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது எல்லாவற்றையும் கோழிச் சாற்றில் கொட்டி, உப்பும் போட்டு, இன்னும் 20 நிமிஷம்.

வெந்த கோழியை வெளியே எடுத்து ஈரம் போக வைத்து, எண்ணெயில் மேலாகப் பொரித்து, ஆறியதும் நார் நாராகக் கிழிக்க வேண்டும். எலும்பை மீண்டும் சாற்றில் போடுவாராம். கிண்ணத்தில் முதலில் சோறு அல்லது ஓலைப் பொட்டலத்தில் வேகவைத்த சோற்றுக் கட்டி, அதன் மேல் வெந்நீரில் ஊறிய கண்ணாடிச் சேமியா, மெல்லிதாக அரிந்த கோஸ், பயற்று முளை, கிழித்த கோழி, பாதி அவித்த முட்டை. இவற்றின் மேல் கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றி, வறுத்த வெங்காயமும் செலரி இலையும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுப்பது. மிளகாய் விழுது தனியாகப் பக்கத்தில் இருக்கும். காரம் அவரவர் விருப்பம்.

ரசத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ரசத்தில் சரக்கு நீரில் ஊறுகிறது. நுரை கட்டியதும் இறக்கி, கடைசியில் நெய்யில் தாளித்துக் கொட்டுகிறோம். இங்கே சரக்கு முதலிலேயே எண்ணெயில் வேகிறது. மஞ்சளின் நிறச்சத்து நீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தனியா, எலுமிச்சைப் புல் ஆகியவற்றின் வாசனை எண்ணெய்களும் அப்படியே. அதனால்தான் சோத்தோவின் மேலே பொன் நிற எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கின்றன. புளியும் கிடையாது, பருப்பும் கிடையாது. ஆக, இது ரசத்தின் பிள்ளை அல்ல. வேறு குடும்பத்துப் பிள்ளை, நம் தெருவில் வந்து விளையாடியது, அவ்வளவுதான்.

இங்கிருந்து போனவை

இனி நம் தொழிலுக்கு வருவோம். பானையில் உள்ள சரக்கை வியாபாரி கண்ணோடு மூன்று மூட்டையாகப் பிரிக்கலாம்.

முதல் மூட்டை, இங்கிருந்து போனது. மிளகின் தாயகம் நம் மேற்கு மலைத்தொடர். அது வணிகர் கையோடு சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போய் அங்கே பயிரானது. ஜாவாவில் மிளகை 'மெரிச்சா' என்கிறார்கள். வடமொழியின் மரீசம்தான் அது. கொத்தமல்லி விதையை 'கெதும்பார்' என்கிறார்கள். வடமொழியில் குஸ்தும்பரி, கன்னடத்தில் கொத்தம்பரி, தெலுங்கில் கொத்திமிரி, நம்மிடம் கொத்தமல்லி. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு காலை நின்றால் இதில் பாதியைக் காதால் கேட்கலாம். ஆனால் கொத்தமல்லியும் ஆதியில் நம்முடையது அல்ல. மத்தியதரைக் கடல், மேற்காசியப் பக்கத்துச் செடி அது. நாம் வாங்கி, நம் பெயரை ஒட்டி, மேற்கொண்டு அனுப்பியிருக்கிறோம். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்.

யாரும் கவனிக்காத ஒன்று பச்சைப்பயறு. அது முதலில் பயிராக்கப்பட்டது இந்தியாவில்தான். சீனர் அதன் மாவிலிருந்து கண்ணாடிச் சேமியா செய்யக் கற்றார்கள், முளைகட்டித் தின்னக் கற்றார்கள். சீனக் கையோடு அது ஜாவாவின் கிண்ணத்தில் விழுந்தது. சோத்தோவில் தமிழன் பங்கைத் தேடுகிறவர்கள் சோழர் படையைத் தேடுவதை விட்டு இந்தப் பயற்றைப் பார்க்கலாம்.

அங்கிருந்து வந்தவை

இரண்டாவது மூட்டை பெரியது. இதை நம்மவர் பெரும்பாலும் பேசுவதில்லை. தாம்பூலத்துக்குரிய ஐந்து வாசம் என்று நம் பழைய நூல்களும் உரைகளும் சொல்லும் பொருட்களை நினைத்துப் பாருங்கள்: ஏலம், இலவங்கம், சாதிக்காய், தக்கோலம், கற்பூரம். இவற்றில் ஏலம் ஒன்றுதான் நம் மலையில் விளைவது. மற்ற நான்கும் கிழக்குக் கடல் தாண்டி வந்தவை!

கிராம்பு என்கிற இலவங்கம் ஆதியில் மலுக்குத் தீவுகளில், தெர்னாத்தே, திதோரே முதலிய சில சின்னஞ்சிறு தீவுகளில் மட்டுமே விளைந்தது. லவங்கம் என்ற வடசொல்லே பழைய மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இலங்கையில் நம் திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தை அகழ்ந்தபோது, பொ.ஆ. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்துக் கிராம்பு ஒன்று கிடைத்தது. இந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரே ஒரு கிராம்பு. ஆனால் அது ஏழாயிரம் கிலோமீட்டர் அளவுக்குக் கடல் தாண்டி வந்திருக்கிறது.

சாதிக்காய் பண்டாத் தீவுகளின் சொத்து. வேடிக்கை என்னவென்றால், அதன் பிறந்த ஊரிலேயே அதற்கு 'பாலா' என்று பெயர். பழம் என்று பொருள்படும் 'பலம்' என்ற வடசொல்தான் அது. காய் அவர்களுடையது, பெயர் இங்கிருந்து போனது. வாங்குகிறவன் வைத்த பெயர் விற்கிறவன் வீட்டிலேயே நிலைத்துவிட்டது என்றால், அந்தக் கொடுக்கல் வாங்கல் எத்தனை பழமையாக இருக்க வேண்டும்!

தக்கோலம் என்பது வால்மிளகு. ஜாவா, சுமத்ராப் பக்கத்துக் கொடி. முதலாம் ராசேந்திரன் 1025 வாக்கில் நடத்திய கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் கடாரம், ஸ்ரீவிசயம் ஆகியவற்றோடு தலைத்தக்கோலம் என்ற துறைமுகமும் வருகிறது. இன்று மலையாளிகள் அன்னாசிப்பூவைத்தான் தக்கோலம் என்கிறார்கள். செம்பூரில் மலையாளி வாடிக்கையாளர் தக்கோலம் கேட்டு, தமிழ்க் கடைக்காரர் வால்மிளகைக் கொடுத்தால் குழம்பு வேறாகிவிடும். பழைய உரைகளைப் படிக்கும்போதும் இந்தக் கவனம் தேவை.

கற்பூரம் சோத்தோவில் சேர்வதில்லை. ஆனாலும் அதை விட முடியாது. உயர்ந்த பச்சைக் கற்பூரம் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறையில் இறங்கியது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது வாரோசு என ஒன்றைச் சொல்வது இந்த ஊரைத்தான் என்பர். அந்த ஊருக்கு அருகில் லோபு துவா என்னுமிடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது 1088-ஆம் ஆண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார், அங்கு வரும் கப்பலுக்குரியோர் இவ்வளவு பொன் செலுத்திவிட்டுத்தான் கரையேற வேண்டும் என்று தமக்குள் விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைச் சொல்வது. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு எ. சுப்பராயலு அவர்கள் மீண்டும் படித்துத் திருத்தம் செய்தார்கள்.

அன்பர்கள் கவனிக்க வேண்டியது இது: அந்தக் கல் ஒரு படைவீரன் நட்டதல்ல. சரக்கு வாங்கப் போன வியாபாரிகள் நட்டது. எதற்குப் போனார்கள்? அங்கே நம்மிடம் இல்லாதது இருந்ததால் போனார்கள். ஒரு நாட்டாருக்கு எல்லாம் நாமே கொடுத்தோம் என்றால், நாம் ஏன் கடலைக் கடந்து கையேந்தி நின்றோம்?

அந்த மண்ணுக்கே உரியவை

மூன்றாவது மூட்டை, இரண்டு பக்கமும் பெயராமல் அங்கேயே தங்கியது. சாலாம் இலை அப்படிப்பட்டது. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் அதற்குப் பதிலாகப் பிரிஞ்சி இலை என்று எழுதிவிடுகின்றன. பிரிஞ்சி இலை பட்டை மரத்தின் குடும்பம். சாலாமோ நம் நாவல் மரத்துக்கும் கிராம்பு மரத்துக்கும் பங்காளி. வாசனை ஒட்டவே ஒட்டாது. கெமிரிக் கொட்டையை நாட்டு மருந்துக்காரர் நாட்டு அக்ரோட்டு என்பர். சாற்றுக்குக் கொழகொழப்பும் கனமும் தருவது அது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்ததால் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் போக்கும். வறுத்தோ வேக வைத்தோதான் சேர்க்க வேண்டும்.

மிளகாயை எந்த மூட்டையில் வைப்பது? அது அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர், ஸ்பானியர் காலத்தில் வந்தது. நாம் மிளகு என்ற சொல்லை நீட்டி மிளகாய் என்றோம். ஜாவாக்காரர் தங்கள் திப்பிலி வகைக்கு வைத்திருந்த 'சாபே' என்ற பெயரை மிளகாய்க்கு மாற்றிவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி மூளை வேலை செய்திருக்கிறது!

கோழியும்கூட அந்தப் பக்கத்துப் பறவைதான் என்கிறார்கள் இப்போது. 2022-இல் வெளியான ஆய்வுகளின்படி, வீட்டுக் கோழிக்கு இதுவரை கிடைத்த பழமையான உறுதியான எலும்புகள் நடுத் தாய்லாந்தில் பான் நொன் வாட் என்ற இடத்தவை. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தியவை. நெல் வயலைத் தேடி வந்த காட்டுக் கோழி மனிதனோடு தங்கிவிட்டதாம். தங்கியதன் பலனை அது அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

சரக்கின் விலை

இங்கே என் சமயத்தார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். பானையில் கோழி இருப்பதால் அது இம்சை, சாதிக்காய் மரத்தில் காய்ப்பதால் அது சுத்தம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சாதிக்காயின் கதை அப்படி இல்லை.

சாதிக்காய் முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று 1621-இல் டச்சுக் கம்பெனியின் தலைவன் யான் பீட்டர்சூன் கூன் பண்டாத் தீவுகளின் மீது படையெடுத்தான். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவிலேயே மிஞ்சினர் என்பது பொதுவான மதிப்பீடு. வெட்டப்பட்டவர், பட்டினியால் மாண்டவர், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் போக மீதி அவ்வளவுதான். பிறகு தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய ருன் என்ற குட்டித் தீவை, 1667-இல் பிரேடா உடன்படிக்கையில் டச்சுக்காரர் தம்மிடமே வைத்துக்கொண்டு, இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை ஆங்கிலேயருக்கு விட்டார்கள். ஒரு கொட்டைக்கு அத்தனை மதிப்பு.

நமக்கும் இதில் தொடர்பு இல்லாமல் இல்லை. வாசனைச் சரக்குக்குத் தீவுக்காரர் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. அந்தத் துணிக்காகவே டச்சுக்காரர் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்து 1613-இல் கோட்டை கட்டி முடித்தார்கள். அதே கரையிலிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். நம் நெசவாளி நெய்த துணி அந்தச் சாதிக்காய்க்கு விலையாயிற்று. கண்ணுக்குத் தெரியும் இரத்தம் மட்டும் இரத்தம் அல்ல. சரக்கு விற்கிறவன் அது வந்த வழியையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மும்பையில் வாங்குவது எப்படி

வீட்டில் செய்து பார்க்க நினைப்போருக்குச் சில குறிப்புகள். எலுமிச்சைப் புல்லுக்கு இங்கே அலைய வேண்டாம். மராட்டியர் தேநீரில் போடும் 'கவதி சஹா'வும், குஜராத்தியர் 'லீலி சாய்' என்பதும் அதுதான். ஆனால் மார்க்கெட்டில் பெரும்பாலும் இலையாகவே கட்டுவார்கள். சாற்றுக்கு அடித்தண்டு வேண்டும். வேரோடு கொண்டுவரச் சொன்னால் காய்கறிக்காரர் கொண்டு வருவார்.

பேரரத்தையைப் பச்சையாக வாங்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த அரத்தை மலிவாகக் கிடைக்கும். அது கஷாயத்துக்கு நல்லது. சாற்றில் போட்டால் மருந்து வாடை தூக்கும். இஞ்சியை அதற்கு மாற்றாகப் போடுவதும் சரியல்ல. கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுவதே மேல். கொழுமிச்சை இலைக்கு நாரத்தையின் இளங்கொழுந்து ஓரளவு ஈடு. சாலாமுக்கு இங்கே ஈடு இல்லை. பிரிஞ்சி இலை போட்டு ஏமாற வேண்டாம். கெமிரிக்குப் பதிலாக முந்திரி நான்கு போதும். முந்திரியும் பிரேசிலிலிருந்து வந்தது என்பது தனிக்கதை.

கிராம்பு வாங்கும்போது நகத்தால் தண்டை அழுத்துங்கள். எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பும் சந்தையில் உலவுகிறது. தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும் அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். சக்கை படுத்து மிதக்கும். மும்பைக்கு வரும் கிராம்பில் மடகாஸ்கர், கொமோரோ, சான்சிபார், இலங்கைச் சரக்கு நிறைய. இந்தோனேசியாவில் விளைவதில் பெரும்பங்கை அவர்களே 'கிரேத்தெக்' என்ற கிராம்புச் சுருட்டில் வைத்துப் புகைத்துவிடுகிறார்கள். அந்தச் சுருட்டு பிறந்ததும் மேலே சொன்ன குதுஸ் ஊரில்தான். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எண்ணெய்ச் சத்து மிகுந்த சரக்கு. ஊருக்குப் போனால் கால் கிலோ வாங்கி வாருங்கள்.

கோழி இல்லாத பானை

புலால் உண்ணாதவர் இதைச் செய்ய முடியுமா என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். கோழிக்குப் பதில் சோயா உருண்டையைப் போட்டு, கோழி மாதிரியே நாராகக் கிழிக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம். அரசன் யசோதரன், உயிர்ப்பலி வேண்டாம் என்று மாவினால் செய்த கோழியைத் தாயின் சொல்லுக்காகப் பலியிடுகிறான். மாவுதானே என்று விட்டுவிடவில்லை வினை. கொல்லும் எண்ணத்தோடு வெட்டியதால் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பிறவி பல எடுத்து உழன்றார்கள். கோழி வேண்டாம் என்றால் கோழியின் வேஷமும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் செய்து பார்த்த முறை இது. பச்சைப்பயற்றைக் குழையாமல் வேகவைத்து இறுத்த தெளிந்த நீர்தான் சாறு. தனியா, மிளகு, சீரகம், முந்திரி அரைத்த விழுதை எண்ணெயில் வதக்கி, எலுமிச்சைப் புல்லும் நாரத்தைக் கொழுந்தும் சேர்த்து, இரண்டு கிராம்பு, சாதிக்காய் ஒரு சிட்டிகை. கிழங்கு விலக்குவோர் இஞ்சிக்குப் பதில் சுக்கும், பச்சை மஞ்சளுக்குப் பதில் மஞ்சள்தூளும் போடலாம். வெங்காயம், பூண்டு இல்லாமலும் வாசனை குறையவில்லை. கண்ணாடிச் சேமியாவும் கோஸும் மேலே போட்டு எலுமிச்சை பிழிந்தால் மழைக்காலத்து மும்பைக்கு ஏற்றது. சூரியன் சாயுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

இதற்குச் சோத்தோ என்று பெயர் வைக்க மாட்டேன். கோழியின் எலும்பிலிருந்து இறங்கும் பசை போன்ற கனம் இதில் இல்லை. காயல் பாயும் ஒரு வாய் குடித்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இது வேற' என்றார். அவர் சொன்னது சரி.

நம் பிள்ளைகள் வருங்காலத்தில் மலேசியா, சிங்கப்பூர், ஜகார்த்தா என்று போய் உட்காரப் போகிறவர்கள். மேதான் நகரில் 1884-இலேயே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய தமிழர் போலவே அவர்களும் வேறொருவர் மண்ணில் பிழைக்கப் போகிறார்கள். அங்கே ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தால், 'இது எங்களிடமிருந்து வந்தது' என்று தொடங்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?' என்று கேட்கச் சொல்லுங்கள். ஐந்நூற்றுவர் கடல் கடந்து போய்க் கேட்ட கேள்வியும் இதுவாகத்தான் இருந்திருக்கும். அதைக் கேட்டதால்தான் இன்று நம் அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு இருக்கிறது.